படுக்கையிலிருந்து தெரு வரை: கோலாலம்பூர் மாடிவீட்டுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

செந்தூலில் நாங்கள் முதலில் வாடகைக்கு இருந்த அடுக்குமாடியில், ஒரு நாள் விடியற்காலை மூன்று மணிக்கு அபாய மணி அடித்தது. யாரோ பையன்கள் அபாய மணிப் பெட்டியின் கண்ணாடியை உடைத்து விளையாடுகிறார்கள் என்று பாதிப் பேர் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். எனக்குக் கருகல் வாடை வந்தது. மனைவி, பிள்ளைகள், அம்மா எல்லாரையும் எழுப்பிப் படிக்கட்டில் இறங்கினேன். எட்டு மாடி இறங்கிக் கீழே வந்தால் வெளியே போகும் கதவில் சங்கிலி, அதில் ஒரு பூட்டு. மோட்டார் சைக்கிள் திருட்டு அதிகமாகிவிட்டதாம், அதனால் இராத்திரியில் பூட்டிவிடுவார்களாம். சாவி காவலாளியிடம், காவலாளி வாசல் கொட்டகையில். மறுபடி இரண்டு மாடி ஏறி, நடைபாதையைக் கடந்து, அந்தக் கோடியில் இருந்த இன்னொரு படிக்கட்டில் இறங்கினோம். ஐந்தாம் மாடியில் ஒரு வாணலி எரிந்ததுதான் விஷயம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தப் பூட்டு என் மண்டையை விட்டுப் போகவே இல்லை.

அதற்குப் பிறகு எந்த வீடு பார்க்கப் போனாலும் அடுப்படியையும் தண்ணீர் அழுத்தத்தையும் பார்ப்பதற்கு முன்னால் படுக்கையிலிருந்து தெரு வரை ஒருமுறை நடந்து பார்த்துவிடுவேன். ஈப்போ, சுங்கை சிப்புட் பக்கமிருந்தோ, தமிழ்நாட்டிலிருந்தோ வேலைக்கு வந்து முதன்முதலாக உயரத்தில் குடியிருக்கப் போகிறவர்களுக்காக அந்த நடையை இங்கே எழுதி வைக்கிறேன்.

கட்டடம் கொடுப்பது நேரம் மட்டுமே

தீ தாங்கும் கட்டடம் என்றால் எரியாத கட்டடம் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இந்தச் சுவர் ஒரு மணி நேரம் தாங்கும், அந்தக் கதவு அரை மணி நேரம் தாங்கும் என்று கணக்குப் போட்டுத்தான் கட்டுகிறார்கள். மலேசியாவில் இதற்கான விதிகள் 1984ஆம் ஆண்டின் ஒரே சீரான கட்டடத் துணைச்சட்டங்களில் இருக்கின்றன. ஒவ்வொரு வீட்டையும் ஒரு பெட்டி மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். சுவர், தரை, கூரை, வாசல் கதவு எல்லாம் சேர்ந்து தீயைக் கொஞ்ச நேரம் அந்தப் பெட்டிக்குள்ளேயே பிடித்து வைக்கும். அந்த நேரத்துக்குள் மற்றவர்கள் இறங்கிவிட வேண்டும், தீயணைப்பு வண்டியும் வந்துவிட வேண்டும்.

கான்கிரீட்டும் செங்கல்லும் எரியாது, சூட்டையும் மெதுவாகத்தான் உள்ளே விடும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பிதான் பலவீனம். 550 டிகிரி செல்சியஸ் வாக்கில் சாதாரண இரும்பு தன் பலத்தில் ஏறக்குறைய பாதியை இழந்துவிடும். கம்பிக்கு மேலே போதிய கனத்தில் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்பது இதனால்தான். உங்கள் தூணிலோ நடைபாதைக் கூரையிலோ பூச்சு உதிர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால் அது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை, மேனேஜ்மென்டிடம் எழுத்தில் சொல்லுங்கள். ஜிப்சம் பலகைத் தடுப்பு எடை குறைவாக இருந்தாலும் அதற்குள் நீர் கலந்திருக்கிறது. தீயில் அந்த நீர் ஆவியாகிப் போகும்வரை சூடு சட்டென்று மறுபக்கம் வராது. பிளைவுட் தடுப்புக்கு இந்தக் குணம் எதுவும் கிடையாது. அது விறகு.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. அறை வாடகைக்குத் தேடுபவர்களுக்கு, பெரிய ஹாலைப் பிளைவுட் வைத்து மூன்று நான்காகத் தடுத்த அறைகளைக் காட்டுவார்கள். நடுவில் இருக்கும் அறைக்குச் சன்னலே இருக்காது. வாடகை நூறு இருநூறு ரிங்கிட் குறைவாக இருக்கும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். இந்தக் கட்டுரையில் விட்டுக்கொடுக்கவே கூடாது என்று நான் நினைப்பது இந்த ஒன்றைத்தான்.

முதலில் வெளியே நின்று பாருங்கள்

வீட்டுக்காரரையோ முகவரையோ சந்திக்கப் பத்து நிமிடம் முன்னதாகப் போங்கள். தீயணைப்பு வண்டி உள்ளே வர வழி இருக்கிறதா? மஞ்சள் கோடு போட்ட பாதையில் வரிசையாகக் கார் நிற்கிறதா? மாலை ஏழு மணிக்கு மேல் போய்ப் பார்த்தால்தான் உண்மை நிலவரம் தெரியும், பகலில் எல்லாக் கட்டடமும் ஒழுங்காகத்தான் இருக்கும்.

கொண்டோ எனப்படும் புதிய ஆடம்பர அடுக்ககம் என்றால் வெளிச்சுவரில் ஒட்டியிருக்கும் அலங்காரத் தகட்டைப் பற்றியும் கேளுங்கள். 2017இல் லண்டனில் கிரென்ஃபெல் டவர் எரிந்து 72 பேர் இறந்ததற்கு, நடுவில் பிளாஸ்டிக் வைத்த அந்த மாதிரி அலுமினியத் தகடு முக்கியக் காரணம். நம் பக்கத்திலேயே 2018 பிப்ரவரியில் பெட்டாலிங் ஜெயாவில் ஊழியர் சேமநிதிக் கட்டடத்தின் வெளிப்பூச்சுத் தகடு பற்றி எரிந்தது நிறையப் பேருக்கு நினைவிருக்கும். பழைய மலிவு விலை பிளாட்டுகளில் இந்தத் தொல்லை இல்லை. சொல்லப்போனால் இன்னொரு நல்லதும் உண்டு: அவற்றின் நடைபாதை பெரும்பாலும் ஒரு பக்கம் திறந்திருக்கும். மழைச் சாரல் அடிக்கும், ஆனால் புகை தங்காது. மூடிய நடைபாதையும் குளிர்சாதனமும் உள்ள கொண்டோவைவிடச் சில நேரங்களில் இந்தப் பிளாட்டே மேல் என்பது என் கருத்து.

படிக்கட்டு: ஏறிப் பார்க்க லிப்ட், இறங்க உங்கள் கால்

வீட்டைப் பார்த்து முடித்ததும் லிப்டில் இறங்காதீர்கள். படிக்கட்டில் இறங்குங்கள். முகவர் முகம் சுளிப்பார், பரவாயில்லை.

மாடிக் குடியிருப்புகளில் ஒவ்வொரு தளத்திலிருந்தும் இறங்க இரண்டு தனித்தனிப் படிக்கட்டுகள் இருக்க வேண்டும் என்பது பொது விதி. உயரம் குறைந்த கட்டடங்களுக்கு மட்டும் ஒரே படிக்கட்டு அனுமதி உண்டு. இரண்டு இருக்கிறதா என்று பாருங்கள், இரண்டிலும் ஒருமுறை இறங்குங்கள். பச்சைப் பலகையில் ‘கெலுவார்’ என்று எழுதியிருக்கும். வெளியே போகும் வழி அது. ‘தங்கா கெச்செமாசான்’ என்றால் அவசரப் படிக்கட்டு. கதவில் ‘பிந்து ரிந்தாங்ஙான் அப்பி’ என்றிருந்தால் அது தீத்தடுப்புக் கதவு.

அந்தக் கதவிடம் கொஞ்சம் நில்லுங்கள். பாதியளவு திறந்து கையை விடுங்கள். அது தானாக மூடி, நாக்கு ‘டக்’ என்று உள்ளே விழ வேண்டும். ஓர் அங்குலம் இடைவெளி விட்டு நின்றுவிட்டால் அது கதவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். படிக்கட்டுக்குள் புகை ஏறாமல் தடுப்பதுதான் அதன் வேலை, ஓர் அங்குல இடைவெளி போதும் படிக்கட்டு புகைபோக்கியாக மாறிவிடும். கதவின் ஓரத்தில் மெல்லிய பட்டை ஒன்று ஓடும். சூடானதும் அது உப்பி இடுக்கை அடைத்துக்கொள்ளும். பெயின்ட் அடிப்பவர்கள் அதைச் சுரண்டி எடுத்துவிடுவது உண்டு. காற்று வரட்டும் என்று செங்கல்லையோ பழைய மைலோ டின்னையோ முட்டுக் கொடுத்து வைத்திருப்பதும் உண்டு. எடுத்துவிடுங்கள். நாளை மறுபடி இருக்கும், மறுபடி எடுங்கள். நான் இப்படி ஓர் ஆன்ட்டியோடு இரண்டு மாதம் போராடினேன். கடைசியில், “தம்பி, காத்து வரலன்னா துணி காயாதே” என்றார். பிரச்சினை துணிதான் என்று தெரிந்ததும் மொட்டைமாடிக் கொடியில் அவருக்கு ஒரு பங்கு பிடித்துக் கொடுத்தோம், அப்புறம் கல் வரவில்லை.

உயரமான கட்டடங்களில் சில படிக்கட்டுகளுக்குள் மின்விசிறி காற்றை அழுத்தி நிரப்பும். அபாய மணி அடிக்கும்போது கதவைத் திறந்தால் காற்று முகத்தில் வேகமாக அடிக்கும். பயப்பட வேண்டாம், அது புகையை வெளியே தள்ளி வைக்கும் ஏற்பாடு.

கீழே கடைசிக் கதவு வரை போய், வெளியே கால் வைத்த பிறகுதான் நடை முடிந்தது என்று அர்த்தம். வெளியேறும் கதவு எதுவும் உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்க வேண்டும், விதியே அப்படித்தான். பூட்டு தொங்கினால் படம் எடுத்து மேனேஜ்மென்டுக்கு அனுப்புங்கள். ஒரு வாரத்தில் அகற்றவில்லை என்றால் பக்கத்துத் தீயணைப்பு நிலையத்தில் புகார் கொடுக்கலாம். ‘பொம்பா’ என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள்.

வழியில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, சிவப்புப் பெட்டியிலுள்ள நீர்க்குழாய்ச் சுருள்: திருகிப் பார்த்தால் தண்ணீர் வர வேண்டும். நுனியிலுள்ள பித்தளைப் பகுதியைப் பழைய இரும்புக் கடைக்கு விற்றுவிடுகிறார்கள், காலிப் பெட்டியை நானே பல இடங்களில் பார்த்திருக்கிறேன். இரண்டு, தீயணைப்பான் உருளையில் ஒட்டிய வில்லையில் காலாவதித் தேதி. அழுத்தம் காட்டும் முள் பச்சையில் நிற்க வேண்டும்.

உங்கள் வீட்டுக் கதவும், அதற்கு முன்னால் இருக்கும் கிரிலும்

கொண்டோவில் வாசல் கதவு பெரும்பாலும் தீத்தடுப்புக் கதவாகவே வரும். கனமாக இருக்கும், பார்க்க அவ்வளவு அழகாக இருக்காது. அதைக் கழற்றிவிட்டுத் தேக்குச் செதுக்கல் கதவு மாட்டுவது நம் ஆட்களுக்குப் பிடித்த ரினோவேஷன். மாட்டிய அன்றே அந்த அரை மணி நேரப் பாதுகாப்பு போய்விடும். டிஜிட்டல் பூட்டு போடுவதற்கு அதில் பெரிய துளை போட்டாலும் அதே கதைதான். தீத்தடுப்புக் கதவுக்கென்றே சோதிக்கப்பட்ட பூட்டு கிடைக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். குளிர்சாதனக் குழாய்க்கும் இணையக் கம்பிக்கும் சுவரில் துளை போடும் ஆட்கள் வேலை முடிந்ததும் நுரையை அடித்து மூடிவிட்டுப் போவார்கள். சாதாரண நுரை எரியும். தீ தாங்கும் பூச்சால் அடைக்கச் சொல்லுங்கள்.

இப்போது கிரில். இந்த ஊரில் திருடனுக்குப் பயந்து வாசலில் ஒரு கிரில், அதற்கு இரண்டு பூட்டு, சன்னலுக்கெல்லாம் கம்பி. 2017 செப்டம்பர் 14 அன்று கோலாலம்பூரின் கம்போங் டத்தோ கிராமாட்டில் ஒரு சமயப்பள்ளி விடுதி விடியற்காலையில் எரிந்தது. வெளியேறும் வழியில் தீ, சன்னல்களில் கம்பி. 21 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் இறந்தார்கள். பொம்பா நிலையம் பக்கத்திலேயே இருந்தாலும் பூட்டிய கம்பிக்குள் இருப்பவருக்கு அதனால் பெரிய பலன் இல்லை.

கிரில் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், என் வீட்டிலும் இருக்கிறது. இப்படிச் செய்யுங்கள். தொங்குபூட்டை எடுத்துவிட்டு, உள்ளே கையால் திருகித் திறக்கும் பூட்டு போடுங்கள். வீடு வாடகை வீடு, பூட்டை மாற்ற முடியாது என்றால், எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி வருகிற மாதிரி வாங்கிக்கொள்ளுங்கள். சாவியைக் கதவருகே ஒரே ஆணியில் தொங்கவிடுங்கள்: வெளியிலிருந்து கை விட்டால் எட்டாத தூரம், உள்ளே எட்டு வயதுப் பிள்ளைக்கு எட்டும் உயரம். பிறகு இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு திறந்து பாருங்கள். முதல் தடவை எனக்கு ஒன்றரை நிமிடம் ஆனது. சாவியைப் பூட்டில் தலைகீழாகச் செருகிக்கொண்டிருந்தேன். இப்போது சாவியின் மேல்பக்கம் ஒரு ரப்பர் வளையம் போட்டிருக்கிறேன், தடவினாலே தெரியும்.

தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளில், வரிசையாக ஒட்டிக் கட்டிய இணைப்பு வீட்டில் குடியிருப்பவர்கள் மாடிப் படுக்கையறைச் சன்னல்களில் ஒன்றிலாவது திறக்கும் கம்பிக்கதவு வைக்க வேண்டும். இன்னொன்றையும் பாருங்கள்: இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவர் கூரைக்கு மேலே 225 மில்லிமீட்டராவது ஏறியிருக்க வேண்டும் என்பது விதி. பழைய வரிசைவீடுகளில் சுவர் கூரைக்குக் கீழேயே நின்றுவிட்டிருந்தால் தீ ஓட்டுக்கு அடியில் வீட்டுக்கு வீடு ஓடும்.

நடைபாதை

செருப்பு அலமாரி, துளசி மாடம், சைக்கிள், தீபாவளிக்கு வாங்கிய சோபாவின் அட்டைப்பெட்டி. நம் வாசல்களில் இவை இல்லாமல் இருக்காது. 2013ஆம் ஆண்டின் அடுக்கக நிர்வாகச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில், தப்பிக்கும் வழியை எந்த நேரத்திலும் மறிக்கக் கூடாது என்று தெளிவாக உள்ளது. மேனேஜ்மென்ட் எடுத்துக்கொண்டு போகவும் செய்யலாம். சாமிப் படமும் கோலமும் சுவரோரம் இருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. ஆனால் அகல்விளக்கை மரச் செருப்பு அலமாரி மேல் ஏற்றி வைத்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.

உங்கள் வாசலிலிருந்து படிக்கட்டு வரை எத்தனை கதவுகள் என்று எண்ணி வையுங்கள். எங்கள் பக்கம் இடது கைப்புறம் ஐந்தாவது கதவு. புகையில் கண் தெரியாது, சுவரைத் தடவிக்கொண்டு எண்ணித்தான் போக வேண்டியிருக்கும்.

வீட்டுக்குள், சுருக்கமாக

கேஸ் தோம்பில், அதாவது சிலிண்டரில், இருக்கும் வாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கும். வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல், தோம்பை மூடி, கதவு சன்னலைத் திறங்கள். ரப்பர் குழாயிலும் ரெகுலேட்டரிலும் சிரிம் என்ற மலேசியத் தரச்சான்று முத்திரை இருக்கட்டும். வாணலியில் எண்ணெய் பற்றினால் அடுப்பை அணைத்து மூடியால் மூடுங்கள். தண்ணீர் ஊற்றினால் எண்ணெய் வெடித்துச் சிதறும். 13 ஆம்பியர் சுவர் பிளக் ஒன்று தாங்குவது ஏறக்குறைய 3000 வாட். ஒரே நீட்டிப்புக் கம்பியில் கெட்டிலும் அரிசிக்குக்கரும் இஸ்திரிப் பெட்டியும் போட்டால் அந்த அளவு சட்டென்று தாண்டிவிடும். மின்சார ஸ்கூட்டர் பேட்டரியை வாசல் கதவுக்கு அருகில் வைத்து இரவெல்லாம் சார்ஜ் போடாதீர்கள், அது எரிந்தால் உங்கள் ஒரே வழியில்தான் எரியும். படுக்கையறைக்கு வெளியே கூரையில் பேட்டரி போட்ட புகை உணரி ஒன்று மாட்டுங்கள், மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்திச் சத்தம் வருகிறதா பாருங்கள்.

மணி அடித்துவிட்டது, இப்போது?

தூக்கத்தில் இருப்பவர்களை எழுப்புங்கள். சாவி, கைப்பேசி, செருப்பு. பாஸ்போர்ட்டைத் தேடாதீர்கள், தூதரகத்தில் வேறு வாங்கலாம். வாசல் கதவைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சூடாக இல்லை என்றால் மெல்லத் திறந்து, வெளியே வந்து, பின்னால் மூடுங்கள். பூட்ட வேண்டாம். புகை மேலே ஏறும், நல்ல காற்று தரையோரம் இருக்கும், குனிந்தோ தவழ்ந்தோ போங்கள். லிப்ட் வேண்டாம். மேலே மொட்டைமாடிக்கும் ஓடாதீர்கள், அந்தக் கதவு பூட்டியிருக்கலாம், புகையும் அங்கேதான் வரும்.

கதவு சூடாக இருந்தால், அல்லது நடைபாதை முழுக்கப் புகையாக இருந்தால், உள்ளேயே இருங்கள். ஈரத் துண்டைக் கதவின் அடியில் அடையுங்கள். தீக்கு எதிர்ப்புறமுள்ள பால்கனிக்கோ சன்னலுக்கோ போய் 999 அழையுங்கள். மலாய் அவ்வளவாக வராதவர்கள் இந்த நாலு சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: ‘அடா கெபாக்காரான்’ என்றால் தீப்பிடித்திருக்கிறது, ‘ஓராங் தெர்ப்பெராங்காப்’ என்றால் ஆள் மாட்டிக்கொண்டிருக்கிறார், ‘திங்காட்’ மாடி, ‘தோலோங்’ உதவி. ஆங்கிலத்திலும் பேசலாம்.

மாடி எண்ணில் ஒரு சிக்கல் இருக்கிறது. இங்கே நான்கு என்ற எண் சீனர்களுக்கு ஆகாது என்பதால் லிப்டில் 3ஏ, 13ஏ என்று இருக்கும். அதற்குக் கீழே பி1, பி2 என்று கார் நிறுத்தும் தளங்கள் வேறு. வெளியிலிருந்து எண்ணினால் உங்கள் பத்தாம் மாடி பதினைந்தாவதாக இருக்கலாம். ஆகவே வெறும் மாடி எண்ணைச் சொல்லாதீர்கள். கட்டடத்தின் பெயர், பிளாக், கதவிலிருக்கும் முழு வீட்டு எண், சாலையின் பெயர், எந்தப் பக்கம் பார்த்த வீடு என்று சொல்லுங்கள். எங்கள் குளிர்பதனப் பெட்டி மேல் இதை ஒரு தாளில் எழுதி ஒட்டியிருக்கிறோம், வீட்டுக்கு வரும் உறவினர்களுக்கும் உதவும்.

கீழே இறங்கியதும் ‘தெம்பாட் பெர்கும்புல்’ என்று பலகை வைத்த இடத்தில் கூடி ஆள் எண்ணுங்கள். ஒருவர் குறைந்தால் பொம்பா ஆட்களிடம் சொல்லுங்கள், நீங்களே திரும்பி ஏறாதீர்கள்.

ஒரு சனிக்கிழமை ஒத்திகை

இப்போது இருக்கும் வீட்டில் நாங்கள் பதினோராம் மாடி. போன மாதம் ஒரு சனிக்கிழமை மாலை எல்லாரும் படிக்கட்டில் இறங்கிப் பார்த்தோம். பிள்ளைகள் மூன்று நிமிடத்தில் கீழே. அம்மாவுக்கு முழங்கால் வலி, நடுவில் இரண்டு முறை நின்று, பதின்மூன்று நிமிடம் ஆனது. அதனால் மணி அடித்தால் முதலில் அம்மாவோடு நான் கிளம்புவது, பிள்ளைகளை மனைவி கூட்டிக்கொண்டு இறங்குவது என்று பிரித்துக்கொண்டோம். அடுத்த வாரம் ஏழாம் மாடித் திருப்பத்தில் யாரோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள். அம்மா மூச்சு வாங்க நின்றதைப் பார்த்த அந்த மாடி அண்ணன்தான். நன்றி சொல்லிவிட்டு, நாற்காலியை அவர் வீட்டுக்குள்ளேயே கொண்டுபோய் வைத்தேன்.